அடைக்கக் கூடாத ஓட்டை

அவளுக்குச் சருகம்மா என்று பேர் வைத்தவர் யாரோ தெரியாது. வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், அத்தனை பொருத்தம். நடக்கும்போது அவள் கண் தரையிலேயே இருக்கும். காய்ந்த நெற்று, சுருண்ட இலை, செத்த வண்டு, எது கிடைத்தாலும் கைப்பைக்குள் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் அதற்கு மெழுகு பூசி, சாந்துக்குள் புதைத்து உலையில் வைப்பாள். இலை எரிந்துபோகும். அது இருந்த இடம் மட்டும் உள்ளே அச்சாக நிற்கும். அதில் வெள்ளியை உருக்கி ஊற்றினால் நரம்பு நரம்பாக அதே இலை வெளியே வரும். ஆனால் ஒரே தடவைதான். எரிந்த இலையை எங்கே போய்த் தேடுவது?

அவள் கணவரும் நகைத் தொழிலாளிதான். ஒரே பட்டறை, எதிரெதிர் மேசை. விரிசல், ஓட்டை எதைக் கண்டாலும் பற்றவைக்கும் பொடி வைத்துக் குழலால் ஊதி, சுவடே தெரியாமல் அடைத்துவிடுவார். மனைவியின் சருகு வேலைதான் அவருக்குப் பிடிபடவேயில்லை. ஊரெல்லாம் குப்பையைக் கூட்டி வெளியே தள்ளுகிறது, இவள் கூட்டி உள்ளே கொண்டுவருகிறாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவளுக்கு முதல் தங்க வேலை வந்தபோது இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. கேட்டவருக்கு இலை பிடித்தால் அந்த மேசை என்றைக்கும் அவளுக்கு. பிடிக்காவிட்டால் சருகை மூட்டை கட்டிவிட்டு, பழையபடி அவருடைய சங்கிலிகளுக்கு வளையம் கோக்க வேண்டியது.

கேட்டவர் பல் டாக்டரம்மா. அவர் வந்த அன்று கணவர் பட்டறையில் இல்லை. டாக்டரம்மா தன் பழைய மோதிரத்தை உருக்கக் கொடுத்துவிட்டு, சருகுக் கூடையை அரித்தெடுத்து, நடுவில் புழு தின்ற ஓர் இலையைப் பொறுக்கினார்.

"நாள் பூரா மத்தவங்க பல்லுல ஓட்டைய அடைச்சுட்டே இருக்கேன். ஒண்ணாவது அடைக்காம என் கழுத்துல கிடக்கட்டும்" என்றார்.

இலை தங்கத்தில் அப்படியே வந்து இறங்கியது. சருகம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, அதற்கு ஒரு நல்ல பெட்டி வாங்கக் கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தால், கணவர் முகமெல்லாம் பல்லாக நிற்கிறார்.

"வார்ப்புல பெரிய ஓட்டை விழுந்திருச்சு. பாத்தா நீ இடிஞ்சு போயிடுவேன்னு நானே அடைச்சுட்டேன்."

அவள் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாவி மனுஷன், அடைத்த இடத்தில் நரம்புகூட இழுத்துவிட்டிருந்தார்! அழத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்போதே அறுத்துவிடுகிறேன் என்று ரம்பத்தை எடுத்தார். அவள் பிடுங்கி வைத்தாள். பல்லோடு மல்லுக்கட்டுகிறவருக்குக் கடித்ததற்கும் அறுத்ததற்கும் வித்தியாசம் தெரியாதா என்ன?

கூடையில் நடுவில் ஓட்டை விழுந்த வேறு இலையும் இல்லை. ஆக, புழு வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியின் பூந்தொட்டிகளில் இரண்டு பேரும் தலையை விட்டுத் தேடினார்கள். கிடைத்த ஒரே பச்சைப் புழுவை, வேண்டுமானால் பரம்பரையோடு எடுத்துப் போங்கள் என்று அந்த அம்மாள் மனசாரத் தந்தாள். புழுவோ முதல் இலையை ஓரத்தில் தொடங்கிக் காம்பு வரைக்கும் தீர்த்தது. இரண்டாவது இலையை வைத்தால், வயிறு முட்டிப்போய் அசையாமல் படுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார்.

சருகம்மா ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் தேடினார். அடைத்த இடம் அகப்படவில்லை.

"இவ்வளவு சுத்தமா நானே அடைச்சதில்ல. ஆனா எனக்கு இது வேணாம்" என்றார்.

சருகம்மாவின் கண் தன்னாலே கணவர் மேசையில் கோக்கக் கிடந்த வளையக் குவியலுக்குப் போனது. பேசியது கணவர்தான்.

"கொஞ்சம் இருங்கம்மா. அது இன்னும் சாப்பிட்டு முடிக்கல" என்று முக்காலியை இழுத்துப் போட்டார்.

மூன்று தலைகள் ஒரு புழுவுக்கு மேலே கவிழ்ந்தன. மூச்சு விட்டால் புழு கோபித்துக்கொள்ளுமோ என்று மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலையைத் தூக்கியது, யோசித்தது, நட்டநடுவில் ஒரு கடி வைத்தது. அப்புறம் ஒரே விருந்துதான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முணுமுணுத்த டாக்டரம்மா, சட்டென்று போதும் என்றார். கணவர் சாமண இடுக்கியால் புழுவைப் பூப்போலத் தூக்கித் தொட்டியில் விட்டார்.

பழைய தங்க இலையை உருக்கி, புழு கடித்த இலையின் அச்சில் மறுபடி வார்த்தார்கள். சாந்தை உடைத்துக் கழுவியதும், கணவர்தான் முதலில் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நடுவில் புழுவின் பெரிய ஓட்டை. காம்புப் பக்கம் ஊசிமுனையளவு இன்னொன்று. கை பழக்கதோஷத்தில் பொடிச் சிமிழுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. எழுந்து அவள் மேசைக்கு வந்து, இலையை அவள் முன்னால் வைத்தார்.

"இந்தச் சின்னது யாரோடது? புழுவோடதா, நம்மளோடதா?"

சருகம்மா குனிந்து பார்த்தாள்.

"நம்மளோடதுதாங்க. அடைச்சுடுங்க."