'க' வரும் வரை

என் மகளுக்கு ஒன்பது வயது. 'க'வில் தொடங்கும் சொல் எதுவும் அவளுக்குச் சட்டென்று வராது. முதல் எழுத்திலேயே திக்கி நின்றுவிடும். வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கும்போது ஆசிரியை அவளைத் தாண்டி அடுத்த பெண்ணிடம் போய்விடுவாராம். கருணையாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் பேச விடாவிட்டால் போகட்டும், கடைத்தெரு இருக்கிறது என்று முடிவெடுத்தேன். போனில் காய்கறி வரவழைப்பதை அன்றோடு நிறுத்தினேன்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனையைத் தாண்டினால் காய்கறிக் கடைகள்தான். தினமும் மாலையில் என்ன காய் என்று அவளே முடிவுசெய்து, அவளே கேட்டு வாங்க வேண்டும். நான் பத்தடி தள்ளி நிற்பேன். அடையாறிலிருந்து வந்த என் அக்கா இதைப் பார்த்துக் கொதித்துப் போனாள்.

"போன்ல தட்டினா பத்து நிமிஷத்துல வாசல்ல வந்து நிக்குது. புள்ளைய எதுக்குடா நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சு அசிங்கப்படுத்தறே?"

"திக்கறதுல என்ன அசிங்கம்? காத்திருக்கப் பொறுமை இல்லாதவங்கதான் அசிங்கப்படணும்" என்றேன். அக்கா காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

மகள் நன்றாகவே வாங்கினாள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கவும், முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கவும் கற்றுக்கொண்டாள். கிலோ என்றுகூடச் சொல்லாமல் "வெண்டைக்கா அரை" என்பாள். வியாபாரி மாதிரியே பேசுகிறாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. வெண்டை, அவரை, முருங்கை, பீன்ஸ், மறுபடி அவரை. வீட்டில் கேரட் இல்லை, கோஸ் இல்லை, கீரை இல்லை. கத்திரிக்காய் என்றால் அவளுக்கு உயிர், அதுவும் இல்லை. வாயில் வருகிற பெயராகப் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறாள். நானும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருக்கிறேன்.

மறுநாள் பக்கத்திலேயே போய் நின்றேன். "இன்னிக்குக் கத்திரிக்கா வாங்கலாம். நீயே கேளு." அவள் என்னை முறைத்தாள்.

"இன்னா பாப்பா வேணும்?" என்றார் கடைக்கார அம்மா.

"க... க..."

பின்னால் நின்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், நீங்களே சொல்லிடுங்களேன். எனக்கு டிரெயினுக்கு நேரமாகுது."

"நான் சொல்ல மாட்டேன். அவதான் சொல்லுவா. அவசரம்னா பக்கத்துக் கடைக்குப் போங்க" என்று சீறினேன்.

"க... க... க..." அவள் கழுத்து நரம்பு புடைத்தது. கடைக்கார அம்மா தராசுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஊரையே எதிர்த்துப் பேசிய என்னால் அவள் திணறுவதைத் தாங்க முடியவில்லை.

"கத்திரிக்காய்ம்மா" என்று சொல்லிவிட்டேன்.

மகள் திரும்பினாள். கண்ணில் நீர் இருந்தது. ஆனால் அது அழுகை இல்லை, சுத்தக் கோபம்.

"நான்தானே சொல்லிட்டிருக்கேன்? நீ ஏம்ப்பா நடுவுல வர்றே?"

"அதான, பாப்பா சொல்லிக்கினுதானே கீது. நீ கம்முனு இரு சார்" என்றார் கடைக்கார அம்மா.

அவள் மறுபடி முதல் 'க'விலிருந்து தொடங்கினாள். நான் கம்மென்று நின்றேன்.