சின்ன மாஸ்டரின் இரண்டாவது பிரேக்

சின்ன மாஸ்டர் பிறந்தது ஆஸ்பத்திரியில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் காரின் பின்சீட்டில் பிறந்தாள். அன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் வகுப்பில் சேர்ந்து நான்கே நாளான ஒரு பல் டாக்டர். பின்னால் அம்மா வலியில் துடிக்க, முன்னால் அப்பா, "பதறாதீங்க டாக்டர், கண்ணாடியைப் பாருங்க, இண்டிகேட்டர் போடுங்க" என்று பாடம் நடத்திக்கொண்டே வந்தாராம். குழந்தையின் முதல் அழுகை கேட்டதும் டாக்டர் இரண்டு கையையும் எடுத்துக் காதைப் பொத்திக்கொண்டார். அப்பா தன் காலடியில் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி நின்றது. நான்கு உயிர் பிழைத்தது.

டிரைவிங் ஸ்கூல் காரில் இது ஒரு ஏற்பாடு. ஓட்டக் கற்றுக்கொள்பவரின் காலடியில் இருக்கிற மாதிரியே, பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கின் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பெண் வளர்ந்தாள். கல்லூரியில் படிக்கும்போதே மாலை நேரத்தில் பெண்களுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள். எல்லோரும் அப்பாவை 'மாஸ்டர்' என்றார்கள், அவளைச் 'சின்ன மாஸ்டர்' என்றார்கள். லைசென்ஸ் வாங்கி மூன்று வருடமாகியும் அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது குறைவு. உட்கார்ந்தாலும் பக்கத்தில் அப்பா இருக்க வேண்டும். அவளுடைய ராஜ்யம் பக்கத்து சீட்டுதான். நாய் படுத்திருந்தால் மிதிப்பாள். நாய் வரலாம் என்று தோன்றினால் மிதிப்பாள். எதுவும் தோன்றாவிட்டால், ஏன் தோன்றவில்லை என்ற பயத்தில் மிதிப்பாள்.

அவளுக்கு உயிர்த்தோழி ஒருத்தி. பெயர் 'ஹாரன்'. வைத்தவர் கல்லூரி நூலகர். புத்தக அலமாரிக்கு நடுவில் அவள் ஒருநாள் சிரித்ததைக் கேட்டு, லாரி உள்ளே வந்துவிட்டது என்று அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அப்படிப்பட்டவள் படித்தது நூலகப் படிப்பு. விதிக்கும் சிரிக்கத் தெரியும் போலிருக்கிறது.

படிப்பு முடிந்தது. நாட்டின் மறுகோடியில், கடலோரத்து நகரம் ஒன்றில், ஹாரனுக்கு வேலை கிடைத்தது. வேன் நிறையப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் நடமாடும் நூலகத்தில் நூலகர். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. வேனையும் அவளே ஓட்ட வேண்டும். சேரும் நாளன்று காலை பத்து மணிக்கு அங்குள்ள போக்குவரத்து ஆபீஸில் டெஸ்ட். பாஸ் ஆனால் வேன் சாவி கைக்கு வரும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

ஹாரன் ஏற்கெனவே மூன்று முறை டெஸ்டில் தோற்றவள். முதல் முறை தகர டிரம்மை இடித்தாள். இரண்டாவது முறை அதே டிரம்மை இடித்தாள். மூன்றாவது முறை டிரம்மை ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே போய், எடுத்து வைத்த இடத்தில் இடித்தாள்.

"செத்தேன்டி. டிரெயின்ல போய் இறங்கி, நாலாவது தடவையும் ஃபெயில் ஆகி, அடுத்த டிரெயின்ல திரும்பி வர வேண்டியதுதான்" என்றாள் ஹாரன்.

"டிரெயின் எதுக்கு? கார்ல போவோம். எட்டு நாள். வழி பூரா நீ ஓட்டு. நான் பக்கத்துல இருக்கேன்ல" என்றாள் சின்ன மாஸ்டர்.

அப்பா பழைய காரைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போய் ஒரு மத்தியானம் முழுக்க அதற்கடியில் படுத்துக் கிடந்தார். எழுந்து வந்து, "வண்டி சரியா இருக்கு. சந்தேகமே படாம போங்க" என்றார். அம்மா மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா? ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. போட்டாலும் வண்டியை நிறுத்திட்டுப் போடுங்க" என்றாள்.

சிவப்பு எழுத்து 'எல்' போர்டோடும், பக்கவாட்டில் 'பெண்களுக்குத் தனி வகுப்பு' என்ற பெயின்டோடும், அந்தக் கார் நாட்டைக் குறுக்கே கடக்கக் கிளம்பியது.

முதல் நாளே ஆட்டு மந்தை ஒன்று வளைவில் திரும்பி வந்தது. "ஆடு!" என்று ஹாரன் அலற, சின்ன மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். கடைசி ஆட்டின் வாலுக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் இடம் மிச்சம்.

"பாத்தியா! நிறுத்திட்டேன்!" ஹாரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் வாழ்க்கையிலேயே ஒண்ணு முன்னாடி வந்து, நான் அதை இடிக்காம நின்னது இதுதான் முதல் தடவை!"

அந்த முகத்தைப் பார்த்துச் சின்ன மாஸ்டரால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. 'நிறுத்தியது நானடி, உன் தோழியடி!' என்று நெஞ்சு கதறியது. வாயோ, "சூப்பர்டி" என்றது.

அதன்பின் அந்தத் தியாகம் தினசரி வேலையாகிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் மிதித்தாள். ரயில்வே கேட்டில் மிதித்தாள். மூன்றாவது நாள் மலையிறக்கத்தில், மூடுபனிக்குள், இரண்டு காலாலும் மிதித்ததில் செருப்பின் வார் அறுந்து போனது. ஒவ்வொரு மாலையும் லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்த்தாள். அறை முழுக்க மூக்கைத் துளைக்கும் வாசனை.

"நாள் பூரா ஓட்டுறவ நான். எனக்கு ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்து வர்ற உனக்கு என்னடி கால் வலி?"

"வயசாயிடுச்சு."

"இருபத்தொண்ணுதான்டி!"

ஐந்தாவது நாள் பெட்ரோல் பங்க்கில் ஓர் அம்மாள் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார். பின்னாலேயே இன்னொருத்தி.

"பெண்களுக்குத் தனி வகுப்புன்னு போட்டிருக்கே? நான் அடுத்த ஊர்ல பேக்கரி வச்சிருக்கேன். இவ என் நாத்தனார். எங்க வீட்டுக்காரர் ஓட்டக் கத்துத் தரமாட்டேங்குறாரு. நீங்க ஓட்டுங்க, நாங்க பின்னாடி இருந்து பாத்துக் கத்துக்கறோம்."

"அம்மா, இது வகுப்பு இல்ல, நாங்க வெளியூரு…"

"பரவாயில்ல கண்ணு, எனக்கு எந்த ஊரு பாடமா இருந்தாலும் சரி."

இறக்கிவிட முடியவில்லை. முப்பது கிலோமீட்டர் வந்தார்கள். பேக்கரிக்காரம்மா முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது ஒரு பை நிறைய பன்னைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இந்தப் பொண்ணு அருமையா ஓட்டுது. ஆனா நீ ஏம்மா வழி பூரா தரையை மிதிச்சுக்கிட்டே வர்றே? அவ நிறுத்தின பிறகு நீ மிதிக்கிறே. பூச்சி ஏதாவது இருக்கா?"

நாத்தனார், "கால்ல நரம்புத் தளர்ச்சியா இருக்கும் அண்ணி, பாவம்" என்றாள்.

சின்ன மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'பன் சுடுகிறவர்களுக்குப் பிரேக்கைப் பற்றி என்ன தெரியும்' என்று நினைத்து, மூன்று பன்னைக் கோபமாகத் தின்றாள்.

எட்டாவது நாள் காலை ஒன்பதரை. கடல் காற்று. ஆபீஸ் வாசலில் வரிசை. மைதானத்தின் நடுவே ஒரு தகர டிரம். டெஸ்டுக்கு ஆபீஸின் சொந்தக் கார்தான் என்று அறிவிப்புப் பலகை சொன்னது. சின்ன மாஸ்டர் போய் அதன் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். பக்கத்து சீட்டின் காலடியில் வெறும் தரை.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள், அதே வெறும் தரைதான். ஹாரனோ, தலையை வாரிக்கொண்டு, "எட்டு நாள்ல ஒண்ணைக்கூட இடிக்கலடி! எனக்குப் பயமே இல்ல" என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

சொல்லாமல் அனுப்பினால் டிரம் போகும், இன்ஸ்பெக்டரும் போவார், தோழியும் போவாள். இந்தப் பயம் உண்மைதான். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இவள் பாஸ் ஆகிவிட்டால் இங்கேயே இருந்துவிடுவாள். ஊருக்குத் திரும்பும்போது காரில் அந்தச் சிரிப்பு இருக்காது. சின்ன மாஸ்டர் இதைத் தனக்குத்தானே கூட ஒப்புக்கொள்ளவில்லை. தோழியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"என்னை மன்னிச்சிடுடி. நீ ஓட்டவே இல்ல. எல்லாம் நான்தான் பிரேக் போட்டேன்."

ஹாரனின் சிரிப்பு அணைந்தது.

"அந்த ஆட்டு மந்தை?"

"நான்தான்."

"ஸ்கூல் வாசல்ல, அந்தப் பாப்பா ஓடி வந்துச்சே?"

"நான்தான்."

"மலை?"

"ரெண்டு காலாலயும்."

ஹாரன் நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் வாயிலிருந்து ஐந்து நிமிடம் ஒரு சத்தமும் வரவில்லை. அவளை அறிந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

"நான் உள்ள போகல. வா, ஊருக்கே போயிடலாம்" என்றாள் கடைசியில்.

அந்த நொடியில் சின்ன மாஸ்டரின் மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்த நொடியே வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. சந்தோஷப்பட்டது யார்? நானா? இப்படி ஒரு பாவியா நான்? கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டாள். இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அப்பா, இவ டெஸ்டுக்குப் போகமாட்டேங்குறா. எட்டு நாளும் நான்தான் பிரேக் போட்டேன்னு சொல்லிட்டேன்."

"எந்த பிரேக்?"

"என் பக்கத்து பிரேக்குப்பா!"

"அதை எப்படிம்மா போட்டே? அதை டிரைவர் பக்கத்து பிரேக்கோட இணைக்கிற ராடு இங்க கொட்டகையில ஆணியில தொங்குது. நீங்க கிளம்புறதுக்கு முந்தின நாளே கழட்டிட்டேனே."

கடற்கரைக் காகம் ஒன்று கத்தியது.

"கழட்டிட்டீங்களா? மிதிச்சா அழுத்தமா இருந்துச்சேப்பா!"

"ஸ்பிரிங்கை மட்டும் விட்டு வச்சேன். மிதிச்சா மிதிச்ச மாதிரி இருக்கணும்ல? இல்லாட்டி நீ வழியிலேயே மயக்கம் போட்டு விழுந்துடுவே. நீ மிதிச்சு மிதிச்சு நம்ம ஸ்கூல்ல ஆறு மாசமா ஒருத்தரும் பாஸ் ஆகல கண்ணு. அந்தப் பொண்ணாவது உருப்படட்டும்னுதான் கழட்டினேன்."

சின்ன மாஸ்டர் காருக்குள் குனிந்து, சீட்டுக்கடியில் தலையை விட்டுப் பார்த்தாள். பிரேக் கட்டையின் முனையில் ஒரு ஸ்பிரிங். அதற்கப்பால் ராடு இருக்க வேண்டிய இடத்தில், தூசி புகாமல் இருக்க அப்பா அடைத்து வைத்த அவருடைய பழைய பனியன் துணி.

"அப்போ மலை…" என்றாள் ஹாரன் மெதுவாக. "மலையை நான் இறக்கினேனா?"

"நீதான்டி."

"நீ?"

"நான் செருப்பை அறுத்தேன்."

பிறகு அது வந்தது. முதலில் ஒரு விக்கல் மாதிரி, அப்புறம் முழு லாரியாக. வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். உள்ளேயிருந்து பியூன் ஓடி வந்து, "யாருங்க ஆபீஸ் வாசல்ல ஹாரன் அடிக்கிறது?" என்று அதட்டினார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்து, "நூலக வேன், அடுத்து நீங்கதான்" என்றார்.

இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில் ஏறினார். சின்ன மாஸ்டர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார் நகர்ந்தது, வளைந்தது, டிரம்மை நெருங்கியது. அவள் கால் தானாக மண்ணை மிதித்தது. டிரம்முக்கு ஒரு முழம் முன்னால் கார் அழகாக நின்று, ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனது. அப்போதுதான் கவனித்தாள், காருக்குள் இன்ஸ்பெக்டரின் முழங்காலும் ஒரு உதறு உதறி அடங்கியது. அவர் காலடியிலும் ஒன்றும் இல்லை. அந்த மனிதர்மேல் அவளுக்குத் திடீரென்று அளவில்லாத பாசம் வந்தது.

ஹாரன் பாஸ். மத்தியானமே சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

"எப்படி தனியா போவே? எட்டு நாள்டி" என்று கட்டிக்கொண்டு கேட்டாள் ஹாரன்.

"நான் மாஸ்டருடி" என்றாள் இவள், கம்பீரமாக.

தோழி உள்ளே போன பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட் போட்டாள். கண்ணாடியைச் சரி செய்தாள். மறுபடி சரி செய்தாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் சரி செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"கிளம்பிட்டியாம்மா?" என்றார் அப்பா.

"கிளம்பிட்டே இருக்கேன்பா."

"பக்கத்து சீட்ல யாரு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சீட்டின்மேல் அறுந்த செருப்பும் பாதி பன் பையும் இருந்தன. "யாருமில்லப்பா."

"அப்போ நல்லா ஓட்டுவே" என்று போனை வைத்துவிட்டார்.

அவள் மூக்கை உறிஞ்சினாள், அழுதாள், கண்ணைத் துடைத்தாள், கியரைப் போட்டாள். ஆபீஸ் வளாகத்துக்குள்ளிருந்து நூலக வேன் ஒன்று ஆடி அசைந்து வெளியே வந்து, ஹாரனே தேவையில்லாத ஒரு சிரிப்புச் சத்தத்தோடு அவளைக் கடந்து போனது. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. சின்ன மாஸ்டர் அதைச் சுற்றிக்கொண்டு, பிரேக்கைத் தொடாமலே, சாலையில் ஏறினாள்.