பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்

பேட்டரி சார்ஜ் செய்யும் கடைக்காரன் கரண்டைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் படிக்கவேண்டும். கடை வைத்து மாட்டிக்கொண்டவர்களே, எழுபதுகளில் இலங்கை மலைநாட்டுப் பதுளை பஜாரில் எல்லோருக்கும் 'பேட்டரி நானா'வாக, அதாவது பேட்டரி அண்ணனாக, இருந்த நான் பட்டதைக் கேளுங்கள்.

கண்ணாடித் தண்ணீர்

ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லொறி டிரைவர் செல்லையா. நான் விற்ற புதுப் பேட்டரி மூன்றே மாதத்தில் செத்துப்போனதென்று கொண்டுவந்து வைத்தார். குறையும்போது என்ன ஊற்றினீர்கள் என்றேன். தோட்டத்துப் பீலியில் விழும் தண்ணீராம், மலையிலிருந்து நேராக வருவதாம், கண்ணாடி போல இருக்குமாம்.

அவர் குடிக்க வைத்திருந்த அதே தண்ணீரை ஒரு கரண்டியிலும், ஆவியாக்கிப் பிடித்த பேட்டரித் தண்ணீரை இன்னொரு கரண்டியிலும் ஊற்றி அடுப்பில் வற்றவைத்தேன். பேட்டரித் தண்ணீர்க் கரண்டி பளிச்சென்று இருந்தது. மற்றதில் சுண்ணாம்பு தடவியது போல ஒரு படை. இந்தப் படைதான் பேட்டரித் தகட்டில் ஏறி அதைக் கொல்கிறது என்று பெருமையோடு நிமிர்ந்தேன். செல்லையா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்கப்பா காலத்துலருந்து இதத்தானே குடிக்கிறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே நானா, பேட்டரிக்கு மட்டும் என்னா கேடு?"

ருசியில்லாத போத்தல்

அப்போது தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் கரண்ட் இல்லை, ரேடியோவுக்கும் பேட்டரிதான். சார்ஜுக்குக் கொடுத்ததை எடுக்க வந்த கங்காணி ஒருவர், வெயிலில் நடந்த களைப்பில், நான் திரும்புவதற்குள் தட்டிலிருந்த போத்தலை எடுத்து அண்ணாந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. தட்டில் இருந்தவை இரண்டு பழைய சாராயப் போத்தல்கள். ஒன்றில் பேட்டரித் தண்ணீர், மற்றதில் அசிட். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சீட்டு ஒட்டாத மடையன் நான்.

மடக்மடக்கென்று விழுங்கினார். அலறவில்லை. அல்லாஹ்வே, தண்ணீர்தான்! அவர் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்: "சப்புனு இருக்கே நானா, தண்ணியிலயுமா கலப்படம்?"

மாற்றி ஊற்றியது

தண்ணீரில்தான் அசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். அசிட்டில் தண்ணீரை ஊற்றினால் அந்தச் சூட்டில் தண்ணீர் கொதித்துத் தெறிக்கும். இது எனக்குத் தெரியும். செல்லையாவுக்குச் சொன்னேனா? இல்லை. ஒருநாள் லொறி கிளம்பவேண்டுமென்று அவசரப்பட்டவர், நான் ஜாடியில் அசிட்டை அளந்து வைத்துவிட்டுத் திரும்பிய நேரம், உதவி செய்வதாக நினைத்து அதன்மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டார். ஒரு சீறல், அடுத்து அவர் அலறல். இடது கண்.

டிரைவருக்குக் கண் போனால் லைசன்ஸ் போச்சு, வேலை போச்சு, தோட்டத்தில் குடியிருக்கும் வீடும் போச்சு. கழுத்தைப் பிடித்து இழுத்துப்போய்க் கடைவாசல் பைப்பில் முகத்தைக் கொடுத்தேன். மனிதர் மல்லுக்கட்டினார், உதைத்தார். கால் மணி நேரத்துக்கு மேல் நான் விடவில்லை. பஜாரே கூடி நிற்க அவர் கத்தினார்: "விடுங்க நானா, தண்ணி ஊத்தித்தானே வெடிச்சுச்சு, மறுபடி தண்ணிய ஊத்திக் கொல்லாதீங்க!"

கட்டு அவிழ்த்த காலை

கண்ணைப் பற்றி மறுநாள்தான் சொல்லமுடியும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். முதல்நாள் போட்ட அதே சட்டையோடு காலையில் போய் நின்றேன். செல்லையாவின் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள்? நர்ஸ் கட்டை அவிழ்த்து, வலது கண்ணைக் கையால் மூடிக்கொள்ளச் சொன்னாள். சிவந்துபோன இடது கண் மெல்லத் திறந்து, என்மேல் வந்து நின்றது. செல்லையா சொன்னார்: "என்னா நானா, சட்டையெல்லாம் பொத்தல் பொத்தலா இருக்கு?"

அன்று மாலை என் மனைவி அசிட் தெறித்த அந்தச் சட்டையைத் தண்ணீரில் அலச, காலர் மட்டும்தான் கையோடு வந்தது. அத்தனை சந்தோஷமான நஷ்டம் இந்தத் தொழிலில் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.