கிளச்சை இறுக்கியது யார்

எதையாவது கழற்றிப் பார்க்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும். கலியாணமான புதிதில் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, ஒரு பல்சக்கரத்தை மிச்சம் வைத்துவிட்டுத் திரும்பப் பூட்டினேன். அப்படியும் அது ஓடியது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு, "ஒங்கிட்ட எதக் குடுத்தாலும் கொரங்கு கையில பூமாலதான்" என்றார். பைக் வாங்கிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் அதே மனுஷன்தான் என் தலையில் கட்டினார்.

எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பைக். வார நாட்களில் அவருக்கு, சனி ஞாயிறு எனக்கு. அவர் ஹட்டனில் பார்சல்களை ஏற்றிக்கொண்டு மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். போனில் பார்த்துச் சாமான் வாங்கும் பழக்கம் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயத்துக்கு லயம் பரவிவிட்டதால் அந்த வேலைக்குக் குறைவில்லை. அதற்கு முன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நின்றார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்துபோகும் புருஷனாக இருந்தார். பார்சல் வேலை கிடைத்த பிறகுதான் நாங்கள் தினமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பைக் நின்றால் இந்த வேலை போகும், வேலை போனால் மறுபடியும் கொழும்பு. அதனால் அந்த வண்டி லேசாக இருமினாலும் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு ஓடிவருவேன்.

நான் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் ஹட்டனில் எனக்கு ஒரு பயிற்சி வகுப்பு உண்டு. அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, ஏற்றத்தில் கிளச் கேபிள் அறுந்து, மழையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். புதுக் கேபிள் போட்ட பிறகு, அறுந்ததை வீசாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து உறையைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே ஒற்றைக் கம்பி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். மெல்லிய இழைகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். சில இழைகளின் முனை துருப்பிடித்திருந்தது, சிலவற்றின் முனை பளபளவென்று இருந்தது. அப்படியானால் எல்லாம் ஒரே நாளில் அறுந்தவை அல்ல. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து வீட்டுக்காரர் சிரித்தார்.

அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானம் கேபிளுக்கு. கைப்பிடியிலுள்ள கிளச் லீவருக்குள் கேபிள் நுழைகிற இடத்தில் இழை ஏதும் பிரிந்து நிற்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பேன். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க மேலே ஒரு ரப்பர் மூடி உண்டு, அது கிழியாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். மாதம் ஒரு தடவை மேல்முனையில் பொலித்தீன் துண்டைப் புனலாகக் கட்டி, தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். கீழ்முனையில் அது கறுப்பாக வந்து இறங்கும்வரை காத்திருப்பது எனக்குப் பிடிக்கும். கடைசியாக லீவரின் தளர்வு. லீவரை லேசாக இழுத்தால், கிளச் வேலை செய்யத் தொடங்குவதற்கு முன், ஒரு காசு நுழைகிற அளவுக்கு அது சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் கிளச் முழுதாகப் பிடிக்காது, எஞ்சினின் இழுவை சக்கரத்துக்கு முழுதாகப் போகாது. லீவருக்குப் பக்கத்திலுள்ள திருகைத் திருப்பி அந்த அளவை வைத்து, நட்டை இறுக்கிவிடுவேன்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஏற்றத்தில் எஞ்சின் கத்தியது, வண்டி ஊர்ந்தது. இறங்கிப் பார்த்தால் லீவரில் ஆட்டமே இல்லை. கேபிள் விறைத்து நின்றது. சரிசெய்துகொண்டு போனேன். அடுத்த சனிக்கிழமையும் அதே கதை.

எனக்குச் சுவாரசியம் பிடித்துவிட்டது. கேபிள் நாள்பட இழுபட்டு நீளும், நீண்டால் தளரும். இதுவோ தானாக இறுகுகிறது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். குளிருக்குச் சுருங்குதோ என்னமோ என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். இந்தக் குளிருக்கு நாங்களே சுருங்கவில்லை, கேபிள் சுருங்குமா என்று திருப்பிக் கேட்டேன். வண்டி பழுதுபார்க்கும் கராஜ் பாஸிடம் விசாரித்தபோது, உள்ளேயிருக்கும் கிளச் பிளேட்டுகள் தேய்ந்தால் ஆட்டம் குறையும், ஆனால் அதற்கு மாதக் கணக்காகும், ஒரே வாரத்தில் நடக்காது என்றார்.

அப்படியென்றால் இரண்டில் ஒன்று. பிளேட் ஏதோ அதிசயமாகத் தேய்கிறது, அல்லது யாரோ திருகைத் திருப்புகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அளவை வைத்து முடித்ததும், திருகுக்கும் நட்டுக்கும் குறுக்கே சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தேன். பிளேட் தேய்ந்தால் கோடு அப்படியே இருக்கும். ஆள் கை பட்டால் உடையும். சனிக்கிழமை பார்த்தபோது கோடு உடைந்து இரண்டு பாதியும் இரண்டு பக்கம் நின்றன. குற்றவாளி அகப்பட்ட மாதிரி எனக்கு ஒரே குதூகலம்.

பக்கத்து லயத்தில் இருக்கும் என் தம்பிமேல்தான் சந்தேகம். சாயங்காலமானால் பைக்கைக் கேட்டு வந்து நிற்பான். பிடித்து உலுக்கினேன். மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணவா என்று கேட்டான். நம்பவில்லை. அடுத்த வாரம் முழுக்க அவன் கொழும்புக்கு வேலையாகப் போயிருந்தான். அந்த வாரமும் கோடு உடைந்திருந்தது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். மிச்சம் இருப்பது ஒரே ஆள். ஆனால் ஏன் என்பதுதான் விளங்கவில்லை. இறுக்கினால் அவருக்குத்தானே நட்டம், பார்சல் மூட்டையோடு ஏற்றம் ஏறுகிறவர் அவர்தான். ஒரு லாபமும் இல்லாத காரியத்தை ஒரு மனுஷன் வாராவாரம் எதற்குச் செய்கிறார்?

யோசித்துப் பார்த்தேன். ஒரு லாபம் இருந்தது. ஆட்டம் இல்லையென்றால் லீவரைப் பாதி இழுத்தாலே கிளச் விடுபட்டுவிடும். முழுக்க இழுக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அளவை வைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரைக் கூப்பிட்டேன். வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று, வலது கையைக் குறுக்கே நீட்டி இடப்பக்கத்து லீவரைப் பிடித்தார். நல்லாயிருக்கு என்றார்.

"இடது கையால புடிங்க."

"எந்தக் கையால புடிச்சா என்ன?"

"புடிங்க."

அவர் பிடிக்கவில்லை. இடது கை சட்டைப்பையிலேயே இருந்தது. குளிருக்கு அப்படி வைத்திருக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். லீவரின் இடத்தில் என் இரண்டு விரல்களை நீட்டி, "இத அழுத்துங்க" என்றேன்.

இடது கையைப் பையிலிருந்து எடுத்து என் விரல்களைச் சுற்றி வைத்தார். கை குளிர்ந்திருந்தது. பிள்ளைகள் முன்பள்ளியில் இதைவிட இறுக்கிப் பிடிப்பார்கள்.

"இன்னும் அழுத்துங்க."

"அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

அந்தப் பதிலுக்கு நான் தயாராக இல்லை. பல வாரங்களாகத் துப்புத் துலக்கி விளையாடியிருக்கிறேன். எப்போதிருந்து என்று கேட்டேன். மழை தொடங்கினதிலிருந்து விரல் மரத்துப்போகிறது, முழுக்க மடங்குவதில்லை என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது குரலை உயர்த்திவிட்டேன்.

"சொன்னா வண்டிய நிறுத்துவ. அப்புறம் நான் எங்க போறது, கொழும்புக்கா?" என்றார். "இந்தக் கையோட அங்கயும் எவன் எடுப்பான்?"

இறக்கத்து வளைவுகளை நினைத்தேன். அவர் அவற்றில் இந்தக் கையோடு போய்வந்த அத்தனை நாட்களையும் நினைத்தேன். திட்ட வேண்டும்போல இருந்தது, அழுகையும் வந்தது. நாளைக்கு நான் லீவு போடுகிறேன், வண்டியை நான் ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் உட்காருங்கள், முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் பார்சல் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"அதுக்கப்புறம்?"

"தெரியல" என்றேன்.

அவர் தலையாட்டினார். அவர் கை இன்னும் என் விரல்களைச் சுற்றியே இருந்தது.

"இப்ப விட்டுரவா?" என்று கேட்டார்.

"வேணாம்," என்றேன். "புடிச்சுக்கிட்டே இருங்க."