வளைவில்லாத சாலை

சென்னையிலிருந்து மகளை எதில் கூட்டிக்கொண்டு வருவது என்று நான் போட்ட யோசனையில் பாதியை வியாபாரத்தில் போட்டிருந்தால், இந்நேரம் போடியில் இன்னொரு ஏலக்காய்க் கடை திறந்திருப்பேன். இருக்கிற ஒன்றே தள்ளாடுகிறது.

மகளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் பிறந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவது எங்கள் வழக்கம். மருமகன் வெளிநாட்டு வேலையில் இருந்தார். ஆகவே முழுப் பொறுப்பையும் யாரும் கேட்காமல் நானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.

ஏலக்காயை ஏலம் விடும் மையத்தில் ஒரு பழக்கம் உண்டு. சாம்பிள் காயை உள்ளங்கையில் உருட்டுவோம், முகர்ந்து பார்ப்போம், பிடிக்காவிட்டால் அப்படியே தரையில் கொட்டிவிடுவோம். நான் வண்டிகளையும் அப்படித்தான் கொட்டினேன். ரயில் போடிக்கே நேராக வருகிறது, ஆனால் எல்லா நாளும் கிடையாது. அதுவும் ஆடுகிற பெட்டியில் பிள்ளைத்தாய்ச்சி பாத்ரூமுக்கு நடக்க வேண்டும். கொட்டினேன். ஆம்னி பஸ்சில் மேல்படுக்கை கிடைத்துவிட்டால் ஏணி ஏற வேண்டும். கொட்டினேன். மதுரை வரைக்கும் விமானம் என்றார் மச்சினன். மேலே போனால் நமக்குக் காது அடைக்கும், வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கும் அடைக்காதா என்று கேட்டேன். அந்த மேதாவித்தனத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கடைக்கு வந்தவர், டீ கொண்டுவந்தவர், பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் என்று ஒருவரையும் விடாமல் அபிப்பிராயம் கேட்டேன். மனைவி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கடைசியில் மச்சினனின் கார்தான் என்று முடிவானது. ஓட்டுவது யார்? எங்கள் ஊரில் டிரைவரை எடைபோட ஒரே ஒரு வழிதான். போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஆள் எப்படி ஏறுகிறார் என்று பார்ப்போம். தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு டிரைவர் ஒருவர் இருக்கிறார். மழையிலும் மூடுபனியிலும் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஏறி இறங்குகிறவர். அவரையே பிடித்தேன். ஏதோ பெரிய ஏலத்தைக் கைப்பற்றியவன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன். சென்னைக்குப் போகும்போது அவர் எப்படி ஓட்டினார் என்று தெரியாது. நான் பின்சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டு போனேன்.

ராத்திரி அவரை நன்றாகத் தூங்கவைத்து, விடியற்காலை சுபுஹு தொழுததும் மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். செங்கல்பட்டிலேயே அவருக்குக் கொட்டாவி வந்தது. நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தேன். திண்டிவனம் தாண்டியதும் சாலை ஒரே நேராகப் போனது.

"வளைவே இல்லையேண்ணே. கண்ணு சொக்குது," என்றார் பரிதாபமாக.

தூக்கத்தைக் கலைக்க, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தேவாரம் என்ற ஊருக்குள் யானை இறங்கிய கதையை ஆரம்பித்தேன். யானை வயலுக்குள் வருவதற்குள் அவர் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டது. கார் தாரை விட்டிறங்கி, சரளையில் தடதடவென்று ஓடி, ஒரு புதரில் முட்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. மகள் மட்டும் வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி டிரைவரைத் திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மகள் மெதுவாக இறங்கி வந்து அவரிடம் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்கண்ணே."

உனக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன்.

"காலேஜு முடிச்சதுலருந்து ஓட்டுறேன் அத்தா. தெனமும் ஆபீசுக்கு நான்தான் ஓட்டிட்டுப் போறேன். நீங்க சத்தம் போடுவீங்கன்னு அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க."

டிரைவர் பின்சீட்டில் ஏறி நிம்மதியாகத் தூங்கிப்போனார். நான் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்துத் தடம் மாறுவதும், லாரிக்கு வழி விடுவதும் எனக்கு யாரோ வேற்று ஆளைப் பார்ப்பது போல இருந்தது. செருப்புத் தேடினவரிடம்கூடக் கேட்டேனே, இவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கொஞ்ச தூரம் போனதும் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"உனக்கு போடிக்கு வரணும்னு இருக்காம்மா?"

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"முதல்லருந்து பாக்குற டாக்டரம்மாகிட்டயே பெத்துக்கணும் அத்தா. உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

பயம். ரயில் ஆடும் என்று பயந்தேன், பஸ்சில் ஏணி ஏற வேண்டுமே என்று பயந்தேன். என் பிள்ளை பயந்தது என்னைப் பார்த்து.

"திருப்பும்மா. வண்டி குலுங்குனதுக்கும் சேத்து இன்னைக்கே டாக்டரம்மாகிட்ட காட்டிருவோம்," என்றேன்.

அடுத்த பாலத்துக்கு அடியில் காரைத் திருப்பினாள். நான் மனைவிக்கு போன் போட்டு, பிரசவம் சென்னையில்தான், நீ வெரசா கிளம்பி வா என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

"புள்ளகிட்ட கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"கேட்டேன்," என்றேன். "எதுல வர்றதுன்னு மட்டும் என்கிட்ட கேக்காத. நீயே பாத்துக்க."