நாகம்மா பெறாத பிள்ளை

திருத்தணியில் மலைக்குக் கீழே, யாருமில்லாத கிழவர் கிழவிகளுக்காக மிஷன்காரர்கள் ஒரு விடுதி நடத்தினார்கள். அதில் எனக்கு வேலை. உத்தியோகத்தின் பெயர் அசிஸ்டெண்ட் சூப்பிரண்டு. சூப்பிரண்டு தேவசகாயம் ஐயாவுக்கு அடுத்தபடி நான். எனக்கு அடுத்தபடி, கட்டிலோடு கிடப்பவர்களுக்கு மலஜலத்துக்கு வைக்கிற பெட்பேன். நடுவில் ஒரு சமையற்காரர் உண்டு. அவர் என்னைத் தனக்குக் கீழே என்று கடைசிவரை நம்பினார்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதி வைக்கிறேன்.

1. நாங்கள் நினைத்தது

ஐயாவுக்கு அந்த விடுதி அழுகையின் பள்ளத்தாக்கு. மாலை ஜெபத்தில் "கைவிடப்பட்ட இந்த ஆத்துமாக்களை" என்று ஆரம்பித்தாலே அவர் குரல் உடைந்துவிடும். சமையற்காரருக்கு அது ஏகப்பட்ட மாமியார்கள் ஒரே சமயத்தில் வந்து இறங்கிவிட்ட சத்திரம். எனக்கோ அரக்கோணம் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம். எல்லோரும் யாரோ வருவார்கள் என்று காத்திருப்பதாக நானே முடிவு கட்டியிருந்தேன். சாயங்காலமானால் கட்டில் கட்டிலாகப் போய் உட்காருவேன். "கவலப்படாதீங்க, ஒரு நாளைக்கு உங்க ஜனம் வருவாங்க" என்பேன். கேட்டதும் அவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகும். நெகிழ்ந்து போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

2. வந்தவன்

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டியது. திருத்தணியில் மாட்டுக்கொட்டகைக்கும் வாடகை வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் தகரப் பெட்டியோடு ஓர் ஆள் விடுதி வாசலில் நின்றான். பெயர் முனுசாமி, ஜவுளிக்கடை குமாஸ்தா. பெண்டாட்டி பிள்ளைகளை அம்மையார்குப்பத்தில் மாமனார் வீட்டில் விட்டிருக்கிறான். "தறி போட்டது போக மிச்ச எடத்துல என் பொண்ணும் பேரப்புள்ளைங்களும் படுத்துக்குவாங்க. மாப்பிள்ளை வேற எங்கனா பாத்துக்கோங்க" என்று மாமனார் சொல்லிவிட்டாராம்.

"நாகம்மான்றது எங்கம்மாங்க. நான் சொந்தப் புள்ளை. அவங்க கட்டிலாண்ட தரையில படுத்துகினு கெடக்கறேன்" என்றான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் சொன்ன ஆறுதல் பலித்துவிட்டதே! அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினேன். நாகம்மா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு நைனா இது?" என்று என்னைக் கேட்டாள்.

3. விசாரணை

விவகாரம் ஐயாவின் அறைக்குப் போயிற்று. சொந்தம் என்று ஒருவர் வந்து நின்றால் அன்றைக்கே அவரோடு அனுப்பிவிட வேண்டும் என்பது விடுதி விதி. நாகம்மாவுக்கு இது தெரியும். முனுசாமிக்குத் தெரியாது.

"யம்மா, வெல்லம் திருடினேன்னு கெண்டைக்கால்ல சூடு போட்டியே!" என்று வேட்டியைத் தூக்கிக் காட்டினான்.

"திருடினா யார் வேணா போடுவாங்க."

"முனுசாமின்னு நீதான பேர் வச்சே?"

"தெருவுல ஒரு கல்லு வுட்டா நாலு முனுசாமி மேல படும்."

"அம்மா, பெற்ற பிள்ளையை மறுதலிக்கலாமா?" என்று ஐயா உருகினார்.

நாகம்மா என் பக்கம் திரும்பினாள். "எல்லாம் உன்னாலதான். தெனம் பொழுதுபோனா வருவாங்க, வருவாங்கன்னு பயமுறுத்திகினே இருந்தே. எவனோ வந்துட்டான் பாரு! இங்க எனக்கின்னு ஒரு கட்டிலு, ஒரு ஜன்னலு. இவன் ஊட்டுல ராவெல்லாம் நாலு பசங்க காலும் என் மூஞ்சிமேல."

"ஆளே தெரியாதென்றீர்களே, வீடு எப்படித் தெரியும்?" என்றார் ஐயா.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

ஐயா பெருமூச்சு விட்டார். "முனுசாமி, நீர் மகன்தான் என்று நம்புகிறேன். சாயங்காலத்துக்குள் தாயாரை அழைத்துக்கொண்டு போய்விடும்."

முனுசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "எங்கங்க கூட்டிகினு போறது?"

"அது உம்முடைய பாடு."

அவன் நாகம்மாவை மறுபடி ஒரு தடவை பார்த்தான். "வெளிச்சத்துல பாத்தா... இவங்க இல்லீங்க. எங்கம்மா நல்ல செவப்பு."

"யாருடா கறுப்பு?" என்று தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு எழுந்தாள் நாகம்மா.

"உள்ளதச் சொன்னா இன்னா கோவம்?" என்று அவனும் அதே தொடையில் அதே மாதிரி அடித்துக்கொண்டான். இரண்டு மூக்கும் ஒரே கோணத்தில் விடைத்தன.

ஐயா பொய் சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், கூட்டில் போட்டார், மேஜை டிராயருக்குள் வைத்து மூடினார். பிறகுதான் இரண்டு பேரையும் உற்றுப் பார்த்தார்.

"என் கண்ணுக்கு ஒரு சாடையும் தெரியவில்லை" என்றார்.

4. புது சிப்பந்தி

சொந்தக்காரன் என்றால்தான் அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்று விதி. சொந்தமில்லாதவனை வேலைக்கு வைக்கத் தடையில்லை. எனக்குக் கீழே, பெட்பேனுக்கு மேலே, முனுசாமி அமர்ந்தான். நானும் வாழ்க்கையில் ஒருமுறை மேலதிகாரி ஆனேன்.

நாகம்மா அவனை விட்டுவைக்கவில்லை. கஞ்சியில் உப்பில்லை, போர்வை மடிப்பு கோணல் என்று தினமும் என்னிடம் புகார். "யாரு பெத்ததோ, வளப்பு சரியில்ல" என்பாள். "ஆமாங்க, எங்கம்மா அப்டித்தான்" என்று சொல்லிக்கொண்டே பெட்பேனை எடுத்துப் போவான். மற்றக் கட்டில்களிலும் விழிப்பு வந்துவிட்டது. "என்னைத் தேடி எவனாச்சும் வந்தா செத்துட்டாருன்னு சொல்லிடு, தம்பி. கொஞ்சம் அழுதாப்பல சொல்லு" என்று ஒரு கிழவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டார்.

குண்டு பயம் அடங்கி, மெட்ராஸில் கடை திறந்த சேதி வந்தது. முனுசாமி பெட்டியோடு கட்டிலருகே வந்து நின்றான்.

"கூட வந்துடறியா?" என்று மெதுவாகக் கேட்டான்.

நாகம்மா அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். "உங்கம்மாவப் பத்திக் கவலப்படாத நைனா. எங்கியோ காத்தாட நல்லாத்தான் இருப்பா."

"ஆங்" என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

அவன் ரயிலடிப் பக்கம் திரும்பி மறையும்வரை நாகம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. பக்கத்தில் போனேன்.

"வெயிலு எப்டிக் கீதுன்னு பாத்தேன்" என்றாள்.

"கொளுத்துதுங்க" என்றேன்.

ஆறுதல் ஏதும் சொல்லாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அந்த உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்டு உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.