சோளத்துக்காகத் திறந்த கதவு

சில வருடங்களுக்கு முன்னால், ஆயுத பூஜை அன்று மதியம், கல்வராயன் மலை அடிவாரத்தில் நான் வேலை பார்க்கும் கோல்டு ஸ்டோரேஜில் நடந்தது இது. எதையும் வரிசை போட்டுச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. அதனால் முதலில் வரிசை.

1. காலையில் கிடங்கைக் கழுவிவிட்டு, மெஷின், சுவிட்ச், கதவு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம்.
2. என் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், சுத்தியல், போன் எல்லாம் பூஜைப் பலகைக்குப் போயின.
3. சுண்டலுக்கு ஒரு பெட்டி சோளம் எடுக்க, நானும் அங்கே வேலை பார்க்கும் ஒரு அக்காவும் மைனஸ் இருபது டிகிரி அறைக்குள் போனோம்.
4. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அது எப்போதும் அப்படித்தான் சாத்திக்கொள்ளும்.
5. உள்ளேயிருந்து திறக்க முடியவில்லை.

நான் குளிர்பதனத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தவள். உரித்த மக்காச்சோளத்தை உறைய வைத்து அடுக்கியிருக்கும் கிடங்கு அது. சுற்றிலும் மரவள்ளிக் காடு. வெள்ளிமலை போகிற பஸ்ஸின் ஹாரன் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்கும். சீசனில் லாரியும் ஆளுமாக இருக்கும். சீசன் முடிந்துவிட்டால் மூன்று பேர்தான்: நான், வாட்ச்மேன் அண்ணன், பெருக்கவும் பெட்டி தூக்கவும் வரும் அந்த அக்கா. முதலாளி கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருக்கிறார். கிடங்கைக் காபந்து பண்ணுவதுதான் என் வேலை. கரண்டு போனால் ஜெனரேட்டர், கரண்டு இருந்தால் மீட்டர்.

அன்று காலை அக்கா என்னைப் பாவமாகப் பார்த்துக் கேட்டார்: "இன்னா பாப்பா, ஊரு ஒலகத்துல எல்லா மெசினுக்கும் இன்னிக்கி ரெஸ்டு. இதுக்கு மட்டும் கெடையாதா?"

"நிறுத்தினா சோளம் தண்ணியா ஓடிடும்க்கா."

"அப்போ நம்மள மாதிரிதான் இதுவும்" என்று சொல்லி மெஷினுக்கு இன்னொரு பொட்டு வைத்தார்.

குளிர் அறைக் கதவின் உட்புறத்தில் உருண்டையாக ஒரு குமிழ் இருக்கும். அதைத் தள்ளினால் வெளியே தாழ்ப்பாள் விலகும். தினமும் அதைத் தள்ளித்தான் வெளியே வருவோம். அது இல்லாவிட்டால் என்னாகும் என்று அக்கா கேட்டார். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் உயிரைக் காப்பாற்றுவது அதுதான் என்றேன்.

"அப்டினா இதுதான் சாமி. இதுக்குத்தான் ஜாஸ்தி வெக்கணும்" என்று, தண்ணீராகக் கரைத்த சந்தனத்தை ஒரு கை அள்ளி அதில் வழிய வழியப் பூசினார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அழகாக இருந்தது.

மைனஸ் இருபதில் ஈரம் என்னவாகும் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். தரையில் சிந்திய தண்ணீர் கண்ணாடியாவதைத் தினமும் பார்க்கிறவர் அவர். ஆனால் அன்று எங்கள் கண்ணுக்கு அது ஈரமாகத் தெரியவில்லை. சந்தனமாகத்தான் தெரிந்தது.

மதியம், சுண்டலுக்கு ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளச் சொல்லி முதலாளி போன் பண்ணினார். பேசி முடித்ததும் போனைப் பழையபடி பலகையில் வைத்தேன். எங்களிடம் இருந்தது இரண்டு ஜெர்கின். ஒன்று பூஜைக்காகத் துவைத்து, கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றை நான் போட்டுக்கொண்டேன். அக்கா புடவையும் ரப்பர் செருப்புமாக வந்தார். உள்ளே போனதும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிற வேலைதானே?

பெட்டியோடு திரும்பி வந்து குமிழைத் தள்ளினேன். அசையவில்லை.

"நல்லாத் தள்ளு பாப்பா. காத்தால சோறு துன்னலியா?" என்று சிரித்தார். அவரும் சேர்ந்து தோளைக் கொடுத்தார். அப்போதுதான் பார்த்தேன். குமிழின் தண்டைச் சுற்றி, இடுக்கு முழுவதும், மஞ்சளாக ஐஸ் கெட்டிப்பட்டிருந்தது.

கொண்டை ஊசியால் சுரண்டினேன், வளைந்தது. வாயால் ஊதினேன், மூச்சு வெள்ளையாகப் படிந்து இன்னும் இறுகியது. சோளப் பெட்டியைத் தூக்கி இடித்தோம். பெட்டி கிழிந்து சோளம் கோலிக்குண்டு மாதிரி தரையெல்லாம் உருண்டது. குமிழ் லேசாகக் கோணிக்கொண்டதோடு சரி. ஒரு சுத்தியல் இருந்திருந்தால் போதும். சுத்தியல் பூஜையில் இருந்தது.

ஆபத்து மணியின் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். மணி வெளியே வராந்தாவில் அடிக்கும். அதற்குப் பக்கத்தில்தான் வாட்ச்மேன் அண்ணன் வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் பெட்டியை வைத்திருந்தார். சாமி பாட்டின் அதிர்வு எங்கள் சுவர் வரைக்கும் வந்தது.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. அக்காவின் இமையில் வெள்ளை பூத்திருந்தது. கிண்டல் நின்றுவிட்டது. ஜெர்கினை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் அவர் பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

"இங்க காத்து இல்ல பாப்பா. இப்பிடியே குந்திக்கினு இருக்கேன். பாட்டு நின்னா வருவாங்க."

அவர் உடம்பு நடுங்கவில்லை. நடுக்கம் நின்றால் அது நல்லதற்கல்ல என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

அப்போதுதான், குளிர்காற்றை ஊதும் விசிறிக்குக் கீழே ஒயரில் தொங்கும் சென்சார் கண்ணில் பட்டது. அறையின் குளிர் குறைந்தால் முதலாளியின் போனுக்குத் தகவல் போகும். நடுராத்திரி ஆனாலும் போகும், கோயிலில் நின்றாலும் போகும். அதற்காகவே அவர் தனியாகச் சிம் போட்டு வைத்திருந்தார். மனுஷனுக்கு வைத்த மணி வராந்தாச் சுவரோடு நின்றுவிடுகிறது. சோளத்துக்கு வைத்த மணி கள்ளக்குறிச்சி வரைக்கும் கேட்கிறது. இரண்டையும் தினம் தினம் சோதித்து 'சரி' என்று சொன்னவள் நான். அந்தக் குளிரிலும் ஒரு நிமிஷம் வேறு எதுவும் ஓடவில்லை எனக்கு.

சென்சாரைச் சூடாக்க வேண்டும். சூடு என்று அந்த அறையில் இருந்தது எங்கள் இரண்டு உடம்புதான். ஒயரோ குட்டை. விசிறிக் காற்று நேராக அடிக்கிற இடத்தில் போய் நின்றால்தான் எட்டும்.

"அங்கியா? காத்து வெட்டுதே! சாவடிக்கவா கூப்புடுற?" என்றார் அக்கா.

"அக்கா, ஒரு ஆளு சூடு பத்தாதுக்கா. எழுந்திருங்க. நம்புங்க."

கைத்தாங்கலாக இழுத்து வந்தேன். ஜெர்கினைத் திறந்து அவரையும் உள்ளே சேர்த்துக் கட்டிக்கொண்டேன். புடவைத் தலைப்பில் சுற்றிய சென்சார் எங்கள் இரண்டு வயிற்றுக்கும் நடுவில். முதுகில் கத்தி வைத்து இழுக்கிற மாதிரி காற்று.

"எங்க வூட்டுக்காரரு கூட இப்டிக் கட்டினதில்ல" என்றார், வாய் குழற. சிரிக்க எனக்கு உதடு வரவில்லை. டிகிரி காட்டும் மீட்டர் வெளியே இருக்கிறது. ஏறுகிறதா இல்லையா, எங்களுக்குத் தெரியாது. அக்காவின் தலை என் தோளில் கனத்துக்கொண்டே வந்தது. "பேசுங்கக்கா, பேசுங்கக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாட்டு பாடிக்கொண்டேதான் இருந்தது. கதவு திறந்தது.

வாட்ச்மேன் அண்ணன் நின்றார். கையில், பூஜைப் பலகையில் மினுங்கியதைப் பார்த்து எடுத்த, குங்குமம் அப்பிய என் போன். அதிலிருந்து முதலாளியின் சத்தம்: "சோளம் உருகுதாய்யா? உள்ள போயி பாருய்யா!"

அண்ணன் எங்களையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "சார்... சோளம் இல்ல சார். ஆளுங்க."

"ஆளுங்களா?"



வெயிலில் காய்ந்த சிமெண்டுக் களத்தில் அக்காவைப் படுக்க வைத்தோம். பாட்டு போட்டது தான்தான் என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். முதலாளி தன் கடைப் பூஜையைப் பாதியில் விட்டுவிட்டுக் காரில் வந்து, எங்களைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பெல் அடிக்கலியாம்மா?"

"அடிச்சேன் சார்."

"எனக்கு வரலியே."

"அது உங்களுக்கு வராது சார். சோளத்தோடது மட்டும்தான் வரும்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்றுவரை என்னை உலுக்குகிறது. அவர் நினைத்துப் பார்க்கவில்லை, மணியை மாட்டிக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் நினைத்துப் பார்க்கவில்லை, உள்ளே போய் வருகிற நாங்களும் நினைத்துப் பார்க்கவில்லை. கெட்டவர் ஒருவர்கூட இல்லாமலேயே அன்று இரண்டு பேர் செத்திருப்போம்.

இப்போதைய நிலைமை இது. ஆள் மாட்டிக்கொண்டால் அடிக்கும் மணி, எங்கள் மூன்று பேர் போனுக்கும் முதலாளி போனுக்கும் போகிறது. அறைக்குள் ஒரு சுத்தியலும் ஒரு ஜெர்கினும் எப்போதும் தொங்குகின்றன. பூஜைக்குக்கூட வெளியே வருவதில்லை. அக்கா குமிழை விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே சுவரில் சந்தனம் வைக்கிறார். அவருடைய இடது கையில் இரண்டு விரல் நுனிக்கு மட்டும் இன்னும் சூடு தெரிவதில்லை. கொதிக்கிற டீயை அந்தக் கையால் அவர் சாதாரணமாக வாங்கும்போதெல்லாம், எந்த மணியைப் பார்த்தாலும் இது யாருக்காக அடிக்கிறது என்று முதலில் கேட்கச் சொல்லி யாரோ என் முதுகில் தட்டுவது போல இருக்கிறது.